நிறுத்தி வைத்த படம்

2006 மார்ச் 11, சனிக்கிழமை. பேருந்து நிலையத்தின் பின்சந்தில் கேபிள் லைன்மேன் ஒருவன் பட்டப்பகலில் இரும்புக் குழாயால் அடித்துக் கொல்லப்பட்டான்.

மறுநாள் பிற்பகல் அவனுடைய அக்கா ஒரு கணினிக் கடையில் நின்று கணினியில் டிவி பார்க்கவும் பதிவு செய்யவும் உதவும் இரண்டு டியூனர் கார்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் உடல் இன்னும் பிணவறையிலிருந்து வரவில்லை. சந்தில் நடந்ததை உள்ளூர் சேனலின் கேமராக்காரர் எடுத்திருந்தார். மதியச் செய்தியில் காட்டினார்கள். அவள் டேப்பைக் கேட்டதற்கு, வெளியே தரும் வழக்கமில்லை, மாலையில் மறுபடி வரும், வேண்டுமானால் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். காவல் நிலையத்திலோ யாரும் எதையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அடித்தவன் முகம் கையில் இருந்தால் அப்படி எழுத முடியாது.

விலை குறைந்த கார்டு படத்தைச் சுருக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும். பழைய கணினி திணறும், படம் விட்டு விட்டு விழும் என்றார் கடைக்காரர். மற்றதில் அந்த வேலைக்கென்றே தனிச் சில்லு இருந்தது. எதைப் பதிவு செய்யப்போகிறாள், கிரிக்கெட்டா, சீரியலா என்று கேட்டார்.

"சண்டை," என்றாள்.

"அப்ப இதையே எடுத்துக்குங்கம்மா. எந்த இடத்துல வேணா நிறுத்தி, ஒவ்வொரு படமா தள்ளிப் பாக்கலாம். ஆளு மூக்குல ஈ உக்காந்தாலும் தெரியும்."

அதையே வாங்கினாள்.

அவள் வீடு திரும்பியபோது உடல் வந்திருந்தது. இடப்பக்க முகம் உள்ளே போயிருந்ததால் போர்வையைக் கண்வரை இழுத்து விட்டிருந்தார்கள். விசிட்டிங் கார்டு வடிவமைக்க அவள் வைத்திருந்த கணினி அதே கூடத்தில்தான் இருந்தது. தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டு, கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கார்டைச் செருகினாள். அலமாரிக்குப் பின்னால் தம்பி மறைத்து இழுத்திருந்த கேபிளை அதில் மாட்டினாள்.

அப்பா கார்டு வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "செத்தவனப் பாக்க எதுக்கும்மா இவ்வளவு தெளிவு?"

மெக்கானிக் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தான். முந்தின நாளிலிருந்து அவன் உட்காரவில்லை.

மாலைச் செய்தியில் அந்தக் காட்சி கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. முதுகுகள், கால்கள், மேலே போன ஒரு குழாய், தம்பியின் ஒற்றைச் செருப்பு. பெண்கள் வைத்த ஓலத்தில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அப்பா திரும்பிக்கொண்டார்.

"திரும்பப் போடு," என்றான் அண்ணன். "மெதுவா."

கடைக்காரர் காட்டியபடி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.

"நிறுத்து."

கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் குழாயை இரு கைகளாலும் தலைக்கு மேல் பிடித்திருந்தான். முகம் அப்பழுக்கில்லாமல் தெரிந்தது. ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்கும் மொட்டை. தம்பியின் சீட்டாட்டக் கூட்டாளி.

"நம்ம வீட்டுச் சோத்தத் தின்னவன்," என்றான் அண்ணன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவினான்.

"அண்ணே, மிச்சத்தையும் பாத்துடலாம். இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டுபோய்…"

"அவருக்கு நீ போட்டுக் காட்டு. எனக்கு இது போதும்."

சட்டையைப் பிடித்தவளைப் புறங்கையால் அறைந்தான். மேசை விளிம்பில் மோதி அவள் உதடு கிழிந்தது. அப்பா அவன் காலைக் கட்டிக்கொண்டார். கதவுவரை அவரை இழுத்துப்போய், காலை உதறிவிட்டு இறங்கினான்.

திரையில் குழாய் மேலேயே நின்றது. அந்த அடி விழுவதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. விசையை அழுத்தினாள்.

அடி விழவில்லை. மொட்டை குழாயைக் கூரைமேல் வீசினான். கீழே கிடந்த தம்பியின்மேல் குப்புற விழுந்தான். உதைகள் அவன் முதுகில் விழுந்தன. அவள் பின்னால் தள்ளிப் பார்த்தாள். முகத்தையே தேடியதில் கவனிக்காமல் விட்ட முந்தைய படங்களில் குழாய் வேறொருவன் கையில் இருந்தது. மொட்டை அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணனின் போனுக்கு அடித்தாள். அது தம்பியின் கால்மாட்டிலேயே ஒலித்தது. செருப்பில்லாமல் ஓடினாள்.

ஐஸ் கம்பெனி வாசலில் உருகிய தண்ணீர் சிவப்பாகச் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. மரத்தூளில் மொட்டை கவிழ்ந்து கிடந்தான். சட்டை இல்லை. முதுகு முழுக்க முந்தின நாள் போட்ட கட்டு. தலையின் பின்பக்கம் இல்லை. பக்கத்துப் படியில், கம்பியை மடியில் வைத்தபடி அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"என்னமோ சொல்ல வந்தான்," என்றான். "நான் விடல."

அவளும் படியில் உட்கார்ந்தாள். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினாள்.

போலீஸ் கணினியை எடுத்துப்போனது. அந்தப் பதிவைக் கொண்டு குழாய்க்காரனுக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை கிடைத்தது. அண்ணனின் வழக்கிலும் அதைப் போட்டுக் காட்டினார்கள். எங்கும் நிறுத்தாமல் ஓட்டச் சொன்னார் நீதிபதி. அண்ணனுக்கு ஆயுள் தண்டனை.