எட்டு சிலிண்டர் உதறல்

என் அத்தா அப்துல் ரவூபுக்கு இரண்டு வருஷமாகக் காது சுத்தமாகக் கேட்காது. மிஷின் வைத்துப் பார்த்தோம், பலிக்கவில்லை. முதலில் லபெயே கடையில் தேநீர் குடிக்கப் போவதை நிறுத்தினார். பிறகு கல்யாண வீடுகளுக்கு என்னை மட்டும் அனுப்பினார். மிச்சமிருந்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தன் பழைய மஸ்டாங் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். அதுவும் நின்றுவிட்டால் மனிதர் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார் என்று எனக்குப் பயம். அந்தக் காரின் இன்ஜின்தான் ஒரு நாள் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஃபேன் ரேடியேட்டரில் உரசி, ரங்கூன் தின்கன்ஜூனில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி அலறி நின்றது. ஓட்டியவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

காது கேட்காதவர் கார் ஓட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு அத்தா பதில் தயாராக வைத்திருப்பார். "ரங்கூன்ல ஹாரன் அடிக்கவே கூடாதுங்குறான். அப்புறம் காது எதுக்கு?" பெரிய கார், இடது பக்கம் ஸ்டியரிங். எந்தத் தூதரகத்து அதிகாரியோ விட்டுப் போய், கைமாறிக் கைமாறி, நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தது. சாவியைத் திருப்பினால் போதும், கதவு, கண்ணாடி, உள்ளே இருப்பவர்களின் பல் வரைக்கும் உதறும். சின்ன வயதில் நான் அழுதால் அத்தா சிரிப்பார். "எட்டு சிலிண்டர் மெஹ்ரீன். உதறத்தான் செய்யும்" என்பார். ஏதோ அமெரிக்காவையே கட்டி இழுத்து வந்து கொட்டகையில் வைத்திருக்கிற மாதிரி ஒரு பெருமை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் ரமேஷ்குமார் வந்து குனிந்து பார்த்தார். நான் டீச்சர் என்பதால் அவருக்கு நான் எப்போதும் சயாமாதான்.

"மவுண்ட் போச்சு சயாமா."

"அப்படின்னா?"

"இன்ஜின் உக்கார்ற மெத்தை. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு இருக்கும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல ரப்பர். புதுசு வாங்கிக் குடுத்தீங்கன்னா மாட்டிருவேன்."

தேங்காய் எண்ணெய் வாங்கி வருவது போல அவர் சொன்னதும் நானும் அப்படியே நம்பி லத்தா பேட்டையில் உதிரி பாகம் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் எந்த வருஷத்து வண்டி என்றார். அறுபத்தாறு என்றேன். அறுபத்தாறில் முற்பாதியா பிற்பாதியா, நடுவிலே மாற்றிவிட்டார்கள் என்றார். ஒரு கார் எந்த மாதம் பிறந்தது என்று நான் எங்கே போய் ஜாதகம் பார்ப்பது? அதோடு விடவில்லை. ரப்பரா, யூரித்தேன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கா, முழு இரும்பா என்றார். இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் எதுவுமே தன்னிடம் இல்லை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ரிஹானுக்குப் போன் போட்டேன். "ரப்பர் வேணாம்க்கா, கிழிஞ்சிரும். யூரித்தேன் போடு" என்றான். ரமேஷ்குமாரிடம் சொன்னேன். "அது கல்லு மாதிரி. வயசானவர் ஓட்டுற வண்டி, ரப்பர்தான் சுகம்" என்றார். ரிஹானின் சிநேகிதன் ஒருவன், பழைய கார் பைத்தியமாம், இந்த மாதிரி காருக்கெல்லாம் இரும்புதான் ஆம்பளைத்தனம் என்று எனக்கு நீளமாக மெசேஜ் அனுப்பினான். ஆளுக்கு ஆள் நாட்டாமை. கணக்குப் பாடம் நடத்துகிற எனக்கே தலை சுற்றியது. எதைக் கேட்டாலும் சரி என்றுதான் தோன்றியது, அடுத்தவர் வாயைத் திறக்கும் வரைக்கும்.

கடைசியில் காருக்குச் சொந்தக்காரரையே கேட்டுவிடலாம் என்று, போனில் பெரிய எழுத்தில் அடித்து அத்தாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"எது வேணும்னாலும் போடும்மா. வண்டி வண்டியா இருந்தாச் சரி" என்றார்.

அது ஒரு பதிலா? அதிலும் ஒன்றும் புரியவில்லை. சுகம் என்று ரமேஷ்குமார் சொன்ன சொல்தான் மனதில் நின்றது. ரப்பரே அனுப்பு என்று தம்பியிடம் சொன்னேன். அவனும் அங்கே எதையோ தேடிப் பிடித்து, முற்பாதி பிற்பாதி இரண்டுக்குமாக, இங்கே வருகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டான். அதுவரை அத்தா ஜும்ஆவுக்குக்கூட வெளியே போகவில்லை. டாக்ஸி பிடிக்கிறேன் என்றால், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

பழைய மவுண்டைக் கழற்றிய அன்று ரமேஷ்குமார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். மேஜை மேல் கிடந்தது ரப்பரும் இல்லை, இரும்பும் இல்லை. செங்கல் அளவில் இரண்டு மரக்கட்டைகள். ஒன்று நெட்டுக்குப் பிளந்திருந்தது.

"என்ன ரமேஷ் இது?"

"எனக்கே ஒண்ணும் வெளங்கல சயாமா. அழுக்கு மூடிக் கெடந்ததுல அன்னிக்குத் தெரியல. இது பியின்கடோ மரம். ரயில் தண்டவாளத்துக்கு அடியில போடுற ஸ்லீப்பர் கட்டை. சாமான் எதுவும் உள்ள வராத காலத்துல எவனோ செதுக்கி சொருகிட்டான் போல. அதான் அந்த ஆட்டம் ஆடிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த எட்டு சிலிண்டர் உதறல் அமெரிக்காவில் இருந்து வரவில்லை, இந்த ஊர் ரயில் பாதையில் இருந்து வந்திருக்கிறது. பாவம், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

புது ரப்பர் ஏறியதும் வண்டி பூனை போல ஆனது. சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை. ரமேஷ்குமார் பானட் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக் காட்டினார், சிந்தவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை அத்தா குளித்து, புது லோன்ஜி கட்டி, தொப்பி போட்டு வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடியது. அவர் எதற்கோ காத்திருந்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார். ஓடுகிற இன்ஜினில் ஸ்டார்ட்டர் மோதி, பல்லைக் கூசவைக்கும் ஒரு கிறீச்சல். ரமேஷ்குமார் இரண்டு கையையும் ஆட்டினார். அத்தா மூன்றாம் தடவையும் திருப்பினார்.

"ஓடுது, ஓடுது" என்று நான் ஜன்னல் வழியாக வாயை அகலத் திறந்து காட்டினேன்.

அவர் நம்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார், கியரைப் பிடித்துப் பார்த்தார், இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினார். உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற ஃபேனையும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கையைக் கொண்டுபோய் பாடியில் அழுத்தி வைத்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததே இல்லை.

"மெஹ்ரீன், கையும் போச்சாம்மா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காது போன பிறகு அவர் அந்த வண்டியைக் கையால்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி வண்டியாக இருக்க வேண்டும் என்றது அதைத்தான். சுகமாக இருக்கட்டும் என்று நான் அதையும் பிடுங்கியிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ரமேஷ்குமார் மேல் கோபப்பட்டேன்.

"கழட்டுங்க."

"சயாமா, நல்ல ரப்பர். இவ்வளவு தொலவுல இருந்து வந்தது."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க. அந்தக் கட்டை எங்க?"

"ஒண்ணு பட்டறைக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். பிளந்தத அடுப்புல போட்டாச்சு."

தலையைச் சொறிந்தவர், தான் ஜாக்கி வைப்பதற்குப் பயன்படுத்தும் பழைய ஸ்லீப்பர் கட்டையைப் பார்த்தார். அதை அறுத்து, பழைய அளவுக்கே செதுக்கி மாட்டித் தந்தார். இரண்டு ரம்பம் மழுங்கியது என்று புலம்பினார், மரம் அப்படி. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தவறிப்போனது. ரிஹான் போனில் ரப்பர் எப்படி என்று கேட்டபோது பிரமாதம் என்று சொல்லிவைத்தேன். அது இன்றைக்கும் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில்தான் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அத்தா உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாவியைத் தொடவே இல்லை. பயந்துவிட்டார் என்று தெரிந்தது. பிறகு திருப்பினார். கதவு, கண்ணாடி, என் பல், எல்லாம் ஒன்றாக உதற ஆரம்பித்தன. தெருநாய் எழுந்து ஓடியது. அத்தா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். என் கையை எடுத்து டாஷ்போர்டின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

"கேக்குதாம்மா?" என்றார்.

கேட்கிறது என்று தலையாட்டினேன்.