பதினேழு கோடு

சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரலை நண்டு மாதிரி மேலே ஏற்ற வேண்டும். இதுதான் பயிற்சி. முப்பது வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம். நெஞ்சு உயரம் வரைக்கும் விரல்கள் ஒழுங்காகப் போயின. அதற்கு மேலே, தோளுக்குள் யாரோ பூட்டைப் போட்டுச் சாவியை முழுங்கிவிட்ட மாதிரி நின்றுபோனது.

"தோளத் தூக்காதீங்க," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "காதுகிட்ட போகுது பாருங்க. இது கள்ள ஏத்தம்."

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல, உங்களுக்குச் சோறு வடிக்கிறவ. ஏறுங்க."

வலது தோள் இறுகி மூன்று மாசம் ஆகிறது. முதலில் சாரத்தில் நின்று கூரைக்கு ரோலர் போடும்போது சுருக்கென்றது. பிறகு சட்டை போட முடியவில்லை, முதுகு சொறிய முடியவில்லை. மேஸ்திரி நல்ல மனுஷன். "கை மேல வந்தா வாண்ணே, வரலைன்னா கீழ நின்னு பட்டி கலக்கு," என்றார். சுவரை மட்டமாக்கப் பூசுகிற பட்டியைக் கலக்குவது நேற்று வந்தவன் வேலை. அந்த ரோஷத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், என் மகளைவிடச் சின்னவள், ஒரு தாள் கொடுத்தாள். "ஐயா, இது மெதுவாத்தான் விடும். ஆனா விடும். ஒரு நாளும் விட்டுடாதீங்க."

பெயிண்டர் சங்கத்து மாலை வகுப்பில் ஐம்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன் நான். நீளமான வார்த்தை வந்தால் ஏணியில் ஏறுகிற மாதிரி ஒவ்வொரு படியாகக் கால் வைத்துத்தான் போவேன். அடுத்த பயிற்சிக்காக அன்றைக்கும் அப்படித்தான் தாளைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தேன். "மேஜையில்... ஒரு கையை ஊன்றி... குனிந்து..."

"மத்தக் கையத் தொங்க விட்டு வட்டமா ஆட்டணும்," என்றாள் மனைவி, வெங்காயத்தை உரித்துக்கொண்டே. "கைய நீங்களா ஆட்டக் கூடாது. உடம்பு ஆடணும், கை சும்மா கூட வரணும்."

அடுத்த வரியை வாசித்தேன். அதேதான் இருந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

"ஆஸ்பத்திரிலதான். இதே மாதிரி தாள். எனக்கும் வந்துச்சுல்ல."

"எப்ப?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்கன்னு வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சீங்கல்ல. அந்த வருஷம்."

அவளுக்குக் கை வலி இருந்தது ஞாபகம் வந்தது. வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு எங்கேதான் வலி இல்லை என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. கூட வேலை செய்கிறவர்களிடம், "எங்க வீட்டு மகாராணிக்கு இப்பல்லாம் கை எழும்ப மாட்டேங்குது," என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"அப்புறம் சரியாப் போச்சா?"

"சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி சுவத்துல கோடு போட்டு வச்சிருந்தேன். விரல் எதுவரைக்கும் போச்சோ அங்க ஒரு கோடு, பக்கத்துல தேதி. பதினேழு கோடு ஏறியிருந்தேன்."

  அந்தச் சுவர் எனக்குத் தெரியும். அந்த வருஷம் பெயிண்ட் அடிக்கும்போது கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன், பென்சில் கிறுக்கல். நம்பர் மாதிரி ஏதோ. அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அது எறும்பு ஊர்ந்த தடம்தான். பென்சில் கோட்டின் மேல் அப்படியே பெயிண்ட் அடித்தால் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நன்றாகத் தேய்த்தேன். பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் கொடுத்தேன். "வீட்ல சின்னப் புள்ள இல்ல, யாரு கிறுக்குனது?" என்று கத்தினேன். "நான்தான்" என்றாள். "ஏன், எல்கேஜி சேரப் போறியா?" என்றேன். அவளும் சிரித்தாள். மகளும் சிரித்தாள். சிரித்ததுதான் இன்னமும் உறுத்துகிறது.

"மறுபடியும் போட்டிருக்கலாமே," என்றேன்.

"புதுச் சுவராச்சே. ஒரு மாசத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. வேற சுவரும் இல்ல, எல்லாத்துக்கும் அடிச்சிட்டீங்க. மாசம் போச்சு. மக கல்யாண வேலை வந்துச்சு. அப்படியே விட்டுப் போச்சு." சொல்லிவிட்டு, பேச்சை முடிக்கிற மாதிரி, "தாள்ல அடுத்தது என்ன, துண்டா? முதுகுக்குப் பின்னாடி பிடிச்சு இழுக்கிறதா?" என்றாள்.

தாளை மடித்து வைத்தேன். வீட்டைப் பார்த்தேன். பாத்திரமெல்லாம் இடுப்பு உயரத்தில். மேல் தட்டில் என் பழைய பிரஷ்கள் மட்டும். சேலையை முதுகுப் பக்கம் சரிசெய்ய அவள் கதவு நிலையில் சாய்ந்து உரசுவாள். நான் அதை ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். முடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்தபோது, "இந்த வயசுல ஸ்டைலா?" என்றேன். கொடிக்கயிறு தாழ இருந்து என் கழுத்தில் மாட்டுகிறது என்று நான்தான் அதை அவிழ்த்து உயரக் கட்டினேன். அதற்கப்புறம் அவள் துணியை ஜன்னல் கம்பியில்தான் காயப்போட்டாள். ஏன் என்று கேட்டேனா? இவளுக்கு எதிலும் பிடிவாதம் என்று நினைத்தேன்.

என் கை வந்துவிடும். அந்தப் பெண் சொல்லிவிட்டாள். இவள் கை?

"நீயும் என்னோட வா," என்றேன், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது.

"எனக்கு எதுக்கு? இந்தக் கை இதுக்குப் பழகிடுச்சு."

"சும்மா துணைக்கு வாயேன்."

துணைக்கு என்றதும் வந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை எதற்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை, இருபது நிமிஷம். நான் நாற்காலியில் உட்காராமல், "இன்னைக்கு இவங்களப் பாரும்மா," என்றேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம இருங்க. மேஸ்திரி காத்திருக்காரு." நான் அசையவில்லை. அந்தப் பெண் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா," என்றாள்.

கையைத் தூக்கச் சொன்னாள். மனைவி தூக்கினாள், தோளும் சேர்ந்து காதுக்குப் போனது. எனக்குக் கூடாது என்று சொன்ன அதே கள்ள ஏத்தம். அந்தப் பெண் தோளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்பத் தூக்குங்க," என்றாள். கை நெஞ்சு உயரத்தில் நின்றது.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா."

"எத்தனை வருஷமா இப்படி?"

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாள்.

"ஒம்போது," என்றேன்.

அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ வந்து போனது. "ரொம்ப நாளாச்சு," என்றாள். பிறகு, "பாக்கலாம். கொஞ்சம் வந்தாலும் வந்ததுதான்," என்று அளவுகோலை எடுக்க அலமாரிப் பக்கம் போனாள். அங்கே யாரோ அவளிடம் ஏதோ கேட்க, நின்று பேச ஆரம்பித்தாள்.

இறக்கச் சொல்லாததால் மனைவி கையை இறக்கவில்லை. எதையோ யாரிடமோ கொடுக்கப் போகிறவள் மாதிரி அது முன்னால் நீண்டபடி நின்றது.  நான் என் இடது கையை அவள் முழங்கைக்கு அடியில் கொடுத்தேன்.

"எறக்கிடவா?" என்றாள்.

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அந்தப் பெண் இன்னும் திரும்பவில்லை. கை என் உள்ளங்கையில் கனத்தது.