மேற்குச் சரிவில் தூங்குகிறவர்கள்

நாம் கேட்காமலே எதிர்த்தரப்பு ஒன்றைக் கொடுத்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை சுரங்கக் கம்பெனியின் வக்கீல் எழுந்து நின்று, மலையின் மேற்குச் சரிவைத் தொடவே மாட்டோம், கிழக்கில் மட்டும் தோண்டிக்கொள்கிறோம் என்றார். என் கட்சிக்காரர்களான மலைவாசிகளின் முன்னோர்களைப் புதைத்திருப்பது மேற்கில்தான். நீதிபதியின் முகம் மலர்ந்துபோனது. இதைவிட நியாயமாக யாராலும் பேச முடியாது. அதுதான் எனக்கு எங்கேயோ உதைத்தது.

அதற்கு ஆதாரமாகக் கம்பெனி வக்கீல் கையில் தூக்கிப் பிடித்திருந்தது என் அண்ணியின் புத்தகம். அண்ணி மானுடவியல் பேராசிரியர். கல்யாணமான புதிதிலேயே என் அண்ணனைச் சமையலறையோடு தனியே விட்டுவிட்டு அந்த மலைக்குப் போனவர். மாதக்கணக்கில் தங்கி, பழங்குடிகளின் நில உரிமை பற்றி எழுதிய அந்தப் புத்தகத்தால்தான் பதவியும் பெயரும் வந்தன. மனிதர்களிடம் எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவு செய்வது என்று அவர் எடுக்கும் ஆய்வுமுறை வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. திங்கட்கிழமை அவர் எங்கள் தரப்பு நிபுணராகக் கூண்டேறி, "ஆமாம், மேற்குச் சரிவுதான்" என்று சொன்னால் போதும், சமரசம் முடிந்துவிடும்.

மலைவாசிகள் சங்கத்தின் செயலாளர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இதுல எங்களுக்குச் சம்மதமில்ல மேடம்" என்றார். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்த்தார். பணத்துக்காகப் பேரத்தை ஏற்றிவிடுகிறாரோ என்று அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. வராவிட்டால் நான் என்ன வக்கீல்?

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், புத்தகத்துக்காக அவர் எடுத்த பழைய பேட்டிகளின் பிரதிகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒரு கிழவர். "மேற்குச் சரிவுல, இடி விழுந்த மரத்துக்குக் கீழ, எல்லாரும் தூங்குறாங்க" என்றிருந்தார். அடுத்து ஒரு கர்ப்பிணிப் பெண். மேற்குச் சரிவுல, இடி விழுந்த மரத்துக்குக் கீழ, எல்லாரும் தூங்குறாங்க. தேன் எடுக்கிறவன், மருத்துவச்சி, குடித்துவிட்டு வந்த ஒருவன், அத்தனை பேரும் அதே வாக்கியம், அதே வரிசை. முதலிலிருந்து மறுபடி புரட்டினேன். தெருமுனை விபத்தைக்கூட இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள்.

"அண்ணி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இதை நீங்களே எழுதிட்டீங்களா?"

அண்ணன் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தார். "நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவுல நான் வாயைத் திறந்தா ராத்திரி பட்டினிதான்" என்று சொல்லி வாசல் பக்கம் நழுவிவிட்டார்.

அண்ணிக்குக் கோபம் காது வரை ஏறியது. "வக்கீலம்மா, உனக்குத் தெரியாததைப் பத்திப் பேசாதே. இதுக்குப் பேர் நிறைவு. கேட்டுக்கிட்டே போகணும். புதுசா ஒண்ணும் வரலை, எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்றாங்கன்னா உண்மை கிடைச்சாச்சுன்னு அர்த்தம். அங்க நிறுத்திடலாம். நான் வகுப்புல முதல் நாளே சொல்லித்தர்ற பாடம்."

"எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு அண்ணி. சொல்லிக்கொடுத்த சாட்சி."

அவர் உள்ளே போய்ப் பழைய டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் நங்கென்று வைத்தார். குரல்கள் வந்தன. அண்ணி எதையும் கற்பனை செய்யவில்லை. இருமலோடு ஒரு குரல், கூச்சத்தோடு ஒரு குரல், எல்லாம் நிஜமான மனிதர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்த நேரத்தில் தேன் எடுக்கிறவனின் குரல் வந்தது. "மேற்குச் சரிவுல..." என்று ஆரம்பித்துத் திணறினான். பக்கத்தில் யாரோ ரகசியமாக "இடி விழுந்த" என்றார்கள். அவன் மளமளவென்று சொல்லி முடித்தான்.

அண்ணி நாடாவைப் பின்னால் ஓட்டினார். மறுபடி கேட்டார். எழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் அவரே தட்டச்சு செய்திருந்தார்: பின்னணிச் சத்தம். அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்த வார்த்தையும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்பார்கள். இது இருபது வருடம் தாங்கியிருக்கிறது.

மறுநாள் செயலாளரை என் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். அண்ணியும் இருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். செயலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். அப்புறம் என் குமாஸ்தாவின் மேஜையை எட்டிப் பார்த்து ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். என்னையே மிஞ்சிய சந்தேகப் பிராணி.

"அப்போ இந்த அம்மா மலைக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சதும் கூட்டம் போட்டோம்" என்றார். "எல்லாத்தையும் சொல்லலாம், அந்த இடத்தை மட்டும் மாத்திச் சொல்லணும்னு முடிவாச்சு. எல்லாரும் மனப்பாடம் பண்ணினோம். மேற்கால ஒண்ணுமே இல்ல. எல்லாரும் கிழக்குலதான் இருக்காங்க."

"என்னை நம்பலையா?" அண்ணியின் குரல் உடைந்தது. "உங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி பூரா மடியில வச்சிருந்தேனே."

"உங்களை நம்பினோம்மா. உங்க புத்தகத்தைத்தான் நம்பல. அதை யார் யார் படிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியாதே."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே. எத்தனை தடவை வந்தேன்!"

"வந்தீங்க. ஆனா அதுக்கப்புறம் அதைப் பத்தி நீங்க கேக்கவே இல்லயே."

அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் எனக்குள்ளிருக்கும் வக்கீல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். புத்தகம் தப்பு என்று அண்ணியே சொன்னால் அவர் பெயர் நாறிவிடும். சொல்லாவிட்டால் கிழக்குச் சரிவில் இயந்திரம் இறங்கிவிடும்.

"அண்ணி, நீங்க வரவே வேண்டாம். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன். வேற வழி பாக்கலாம்."

"நான் போகலைன்னா என் புத்தகம் போய் நிக்கும்" என்றார் அண்ணி. "அது பேசுறதை யார் நிறுத்துவா?"

திங்கட்கிழமை அண்ணி கூண்டில் நின்று, மேற்குச் சரிவு தவறு, புதைத்திருப்பது கிழக்கில் என்றார். நீதிமன்றத்தில் ஒரே சலசலப்பு. கம்பெனி வக்கீலுக்குக் கொண்டாட்டம். "அப்படியானால் பேராசிரியரின் வாழ்நாள் ஆராய்ச்சியே பொய் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பின்வரிசையில் அண்ணியின் மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எடுத்துக்கலாம்" என்றார் அண்ணி. "அந்தப் பக்கங்கள் பொய்தான். நான் ஏமாந்தேன். ஆனா ஒரு ஊரே கூடி, குடிகாரன்கூட உளறாம, இத்தனை வருஷம் ஒரு இடத்தை என்கிட்டேயிருந்து காப்பாத்தியிருக்கு. தன்னோடது இல்லாத இடத்துக்கு யாராவது இப்படிக் காவல் இருப்பாங்களா?"

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "சரி, கிழக்கில் எந்த இடம்?"

"எனக்குத் தெரியாது. இன்னும் சொல்லலை."

ஒலிநாடாவை நான் போட்டுக் காட்டினேன். "இடி விழுந்த" என்ற அந்த ரகசியக் குரலை நீதிபதி மூன்று முறை கேட்டார். சங்கத்து ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு தானே மலையை நேரில் பார்ப்பதாகவும், அதுவரை எந்தச் சரிவிலும் ஒரு பிடி மண்ணை எடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார். வழக்கு ஜெயிக்கவில்லை. ஆனால் சாகவும் இல்லை.

வெளி வராந்தாவில் பல்கலைக்கழகத்திலிருந்து அண்ணிக்கு போன் வந்தபடி இருந்தது. அவர் எடுக்கவில்லை. செயலாளர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அம்மா, ஒரு நாள் வாங்க. உங்களுக்கு மட்டும் அந்த இடத்தைக் காட்டுறேன்."

அண்ணியின் கண் பளிச்சென்றது. பாவம், ஆயுசு பூரா தேடியதல்லவா. கை தானாகவே பைக்குள் போய்ப் பேனாவைத் தொட்டதை நான் பார்த்தேன். பிறகு கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"வேண்டாங்க. எனக்குத் தெரிஞ்சா நான் எழுதாம இருக்க மாட்டேன்."

செயலாளர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். கடைசிப் படியில் ஒரு முறை திரும்பி அண்ணியைப் பார்த்தார். மனசாரத்தான் கூப்பிட்டாரா, இல்லை ஆழம் பார்த்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை.