கத்தி வளைந்த இடம்

சந்தூக்கைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் வரிசை கட்டினார்கள். அப்துல் ரவூப் தோளைத் தேய்த்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தான். தாராவியில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை படத்துக்கும் போயிருந்தவர்கள். அதுதான் அவனுக்குப் பயம்.

இறந்து சந்தூக்கில் கிடந்தவர் அவனுடைய வாப்பா, பேய்ப்பட டைரக்டர் ஜெயினுலாப்தீன். ஒரு காலத்தில் அவர் எடுத்த இந்திப் படங்களைப் பார்த்துவிட்டு, மீசை வைத்த ஆண்பிள்ளைகளே ராத்திரி கக்கூஸுக்குத் துணை தேடினார்கள். ஒரு சொட்டு ரத்தம் காட்டமாட்டார். ஒரு கதவு திறக்கும், அவ்வளவுதான். அப்புறம் காலம் மாறிப் பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்தார். இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கத்திதான் வேண்டும் என்று யாரோ ஏற்றிவிட, முகமூடிக்காரன் ஒருவன் ஹாஸ்டல் பெண்களை வரிசையாகக் குத்தித் தள்ளும் படம் ஒன்றோடு, அறுபத்தெட்டு வயதில் திரும்பி வந்தார். எண்பத்தாறாம் வருஷம் அது.

படம் ஊத்திக்கொண்டது. சும்மா ஊத்தவில்லை. கொலைகாரன் முதல் பெண்ணின் நெஞ்சில் கத்தியை இறக்க, ரப்பர் கத்தி வாழைப்பழம் போல வளைந்து கூரையைப் பார்த்தது. எடிட்டிங்கில் எத்தனை பேர் கண்ணுக்கு அது தப்பியதோ தெரியாது. சயான் தியேட்டரில் மூன்று மணி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. ரவூப்பும் சிரித்தான். அடக்கித்தான் பார்த்தான், முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "தியேட்டர்ல ஜனங்க அலறுறாங்க வாப்பா," என்றான்.

"எந்த எடத்துல?"

அவனுக்கு வேறு எந்த இடமும் ஞாபகம் வந்து தொலைக்கவில்லை. "கத்தி எறங்குற எடத்துல."

வாப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, சாப்புடு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ கிளாஸைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு என்றார் டாக்டர். படம் என்றது தெரு. ஊர் சிரித்தது தெரிந்து, அந்தச் சிரிப்பில் மகனும் உண்டு என்பதும் தெரிந்து, மனசு உடைந்து போனாரோ என்பதுதான் ரவூப்பை அரித்துக்கொண்டிருந்தது.

தொழுகைக்கு முன்னால் இறந்தவருக்காக மகன் முன்னே வந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ரவூப் முன்னே வந்தான்.

"எங்க வாப்பா யாருக்காவது மனசு நோவுற மாதிரி பேசியிருந்தா, செஞ்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க."

"பொறுத்துக்கிட்டோம்," என்றது கூட்டம். பின்வரிசையில் தோல் பட்டறை முகம்மது ஹனீப், "அந்தப் படத்தையும் சேத்து," என்று முணுமுணுத்தார். இரண்டு பேர் இருமுவது போல வாயைப் பொத்தினார்கள். ரவூப்புக்குக் காது மடல் எரிந்தது.

கபர்ஸ்தானில் குழியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, சயான் தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களை உட்காரவைக்கும் பூதத்தான் பக்கத்தில் வந்து நின்றார். வாப்பாவுக்குப் பழைய சிநேகம்.

"தம்பி, வெள்ளிக்கெழம பாய் எங்க தியேட்டருக்கு வந்திருந்தாவ. தெரியுமா?"

ரவூப் திரும்பினான். "எந்த ஷோவுக்கு?"

"நீங்க வந்த அதே ஷோதான். நீங்க கீழ. அவுக பால்கனியில மொத வரிசை."

"நான் சிரிச்சதப் பாத்தாவளா?"

"பாக்காமயா? எங் கையப் புடிச்சுக் காட்டுனாவ. 'ஏல பூதத்தான், அங்க பாரு எம் மவன. சின்னதுல எம் படத்துக்குக் கூட்டிட்டு வந்தா சீட்டுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிடுவான். ஒரு படத்தக்கூட முழுசாப் பாத்ததில்ல. இன்னைக்குத்தாம்ல கண்ணத் தொறந்து பாக்கான்'னாவ. சொல்லிட்டு அவுகளும் சிரிச்சாவ பாருங்க, கண்ணுல தண்ணி வார அளவுக்கு."

"மனசு நொந்து போயிச் சிரிச்சிருப்பாவ."

"நொந்தவுகளா இன்டர்வல்ல ரெண்டு சமோசா தின்பாவ?"

ரவூப் அவரையே பார்த்தான். அப்படியென்றால் அன்று வாப்பா 'எந்த எடத்துல?' என்று கேட்டது தெரிந்தே கேட்டது. மகன் எப்படி முழிக்கிறான் என்று வேடிக்கை பார்த்திருக்கிறார் கிழவர். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அவனை விட்டு இறங்கியது. மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

மண் போடக் கூப்பிட்டார்கள். மூன்று கைப்பிடி. முதல் பிடி ஒழுங்காக விழுந்தது. இரண்டாவதில் வளைந்த கத்தியும் இரண்டு சமோசாவும் ஞாபகம் வர, அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. கைக்குட்டையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான். முகம்மது ஹனீப் அவசரமாக வந்து அவன் முதுகைத் தடவினார்.

"அழுதுரு ரவூப். அடக்கி வைக்காத, அழுதுரு."

ரவூப் தலையை ஆட்டிக்கொண்டே குனிந்து மூன்றாவது பிடியை அள்ளினான்.