நெஞ்சாக வேலை பார்த்தவர்

மேசைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் முக்காலியில், சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அவர். நடுவில் கூடை நிறைய நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டெதாஸ்கோப்புகள். அங்கே அதற்குக் குழாய் என்று பெயர். அவள் ஒரு குழாயைக் காதில் மாட்டி, வட்ட முனையை அவர் நெஞ்சில் வைப்பாள். துடிப்பு கேட்டால் வலப்பக்கக் கூடை, கேட்காவிட்டால் ரிஜெக்ட் மூட்டை. சங்கு ஊதியதிலிருந்து மறுபடி சங்கு ஊதும்வரை அவர் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். இதயம் துடிக்க வேண்டும்.

அது பொம்மைத் தொழிற்சாலை. பெரியவர்களானதும் என்ன ஆகவேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்படுகிறார்களோ, அதையெல்லாம் பெட்டியில் போட்டு விற்றார்கள். டாக்டர் பெட்டி, போலீஸ் பெட்டி, பைலட் பெட்டி. டாக்டர் பெட்டியின் குழாயில் ஒன்றுமே கேட்கவில்லை, ஆகவே பெரியவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள் என்று எங்கோ ஒரு குழந்தை சாப்பிடாமல் அடம்பிடித்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயையும் நெஞ்சில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார் முதலாளி. அவளுடைய நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். அது கூச்ச சுபாவம், சத்தமே வரவில்லை. எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்ததில், பெயின்ட் ஷெட்டில் இருந்த இவருடைய நெஞ்சுதான் கடன்காரன் கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. பக்கத்து மேசைக்காரி தனக்குக் குழாய் இல்லாமலே கேட்டதாகச் சொன்னாள்.

பெயின்ட் ஷெட்டில் அவர் பல வருஷம் பொம்மை லாரிகளுக்கு வர்ணம் பீய்ச்சிக்கொண்டிருந்தார். சிவப்பு லாரி ஓடும் நாளில் சிவப்பாகத் துப்புவார், மஞ்சள் லாரி ஓடும் நாளில் மஞ்சளாக. நெஞ்சு வேலைக்கு வந்தபின் எல்லோருக்கும் அவர் நெஞ்சண்ணன். அவள் டாக்டரம்மா.

குழாய் காதில் இருக்கும்போது பேச முடியாது. ஒன்றைக் கழற்றி அடுத்ததை மாட்டும் இடைவெளியில்தான் பேச்சு. ஒரு கதை முடிய அரைக் கூடை காலியாகும்.

"நெசமாவே டாக்டராகணும்னுதான் இருந்தியா?" என்று கேட்டார்.

குழாய் மாறியது.

"பின்ன? பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஊசி போட்டிருக்கேன் அண்ணே."

"பொழைச்சுதா?"

"அது பொழைச்சுது. அது திருப்பிப் போட்ட ஊசிக்கு நான்தான் ஆஸ்பத்திரி போனேன்." முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டினாள். "அப்புறம் அப்பா கீழே விழுந்து படுத்துட்டாரு. நான் இங்க வந்துட்டேன். இந்தத் தொழிற்சாலையிலேயே ஆசைப்பட்ட பெட்டி கிடைச்சது எனக்கு மட்டுந்தான், தெரியுமா? அந்தா, போலீசாகணும்னு இருந்தவ சமையல் பெட்டிக்கு மூடி போடறா. விமானம் ஓட்டணும்னு இருந்தவரு ரயிலுக்குச் சக்கரம் ஒட்டறாரு. நீங்க என்னவாகணும்னு இருந்தீங்க?"

"முங்கறவன்."

"அப்படியொரு வேலையா?"

"கப்பலுக்கு அடியில முங்கிப்போய் ரிப்பேர் பாக்கறவன். ஒருத்தரைப் பாத்தேன், சின்ன வயசுல. அப்பவே கெணத்துல பழக ஆரம்பிச்சுட்டேன். நான் முங்குனா, மேல நிக்கிறவங்க அழ ஆரம்பிச்சு, அழுது முடிச்சு, வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டும் வந்துடுவாங்க. அப்புறந்தான் வெளிய வருவேன்."

"அளந்து விடுங்க."

"கெணறு இன்னும் இருக்கு, போய்க் கேளு."

ஒரு திங்கட்கிழமை, துடிப்புக்குப் பின்னால் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டது. அந்தக் குழாயை ரிஜெக்டில் போட்டாள். அடுத்ததிலும் கீச்சொலி. அடுத்ததிலும். வாரம் முடிவதற்குள் மூட்டைகள் சுவரோரம் ஆள் உயரத்துக்குக் குவிந்துவிட்டன. குழாய் வார்க்கும் ஆள் சண்டைக்கு வந்தான்.

"என் அச்சுல என்ன குத்தம் கண்டே? நீ என்ன எனக்கு மாமியாரா?"

"வந்து கேட்டுப் பாரு. எலி கத்துது உள்ள."

சாப்பாட்டு நேரத்தில் அவள் மூட்டையிலிருந்து ஒரு குழாயை எடுத்துப் பக்கத்து மேசைக்காரியின் நெஞ்சில் வைத்தாள். கீச்சொலி இல்லை. இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள், அதிலும் இல்லை. அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே வைத்துவிட்டு, தன் மேசைக்குத் திரும்பி அவரெதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, ராத்திரி இருமறீங்களா?"

"யாரு இருமல?"

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவர் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"போனா லீவு போடணும். லீவு போட்டா முக்காலியில வேற நெஞ்சு வந்து உக்காந்துக்கும். இத விட்டா எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு? நீ பேசாம பாஸ் போடு."

அவள் பாஸ் போடுவதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். மூட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஒண்ணு அச்சு கெட்டிருக்கணும், இல்ல உன் காது கெட்டிருக்கணும். எது?"

அவள் முக்காலியின் பக்கம் பார்க்கவில்லை. "காதுதான் சார். சளி."

"உன் காது சரியில்லன்னா உன்னை எதுக்கு இங்க வச்சிருக்கேன்? குடு இங்க."

சூப்பர்வைசர் குழாயை மாட்டிக்கொண்டார். நெஞ்சண்ணன் முதுகை நிமிர்த்தி வாயை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தானே இருக்கு!" அடுத்த குழாய். "இதுவும் நல்லாருக்கு." அடுத்தது. சூப்பர்வைசருக்கு ஆர்வம் பிடித்துவிட்டது. மூட்டைக்குள் கை விட்டு அள்ளி அள்ளிப் பார்த்தார். நெஞ்சண்ணனின் காது மடல்கள் சிவந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு வெளுத்தது. இமைகூட அசையவில்லை. அந்தக் கிணற்றைப் பற்றி இனி யாரும் விசாரிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. முழங்கையால் கூடையைத் தட்டிவிட்டாள். குழாய்கள் தரையெல்லாம் சிதறின.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று சூப்பர்வைசர் குனிந்தார்.

அந்த இடைவெளியில் நெஞ்சண்ணன் ஒரு மூச்சு இழுத்தார். அதைக் கேட்கக் குழாய் தேவைப்படவில்லை. பழைய கதவு ஒன்று திறப்பதுபோல் நீளமாக வந்தது.

"என்ன சத்தம் அது?" சூப்பர்வைசர் நிமிர்ந்து குழாயை மறுபடி வைத்தார். "அட! டேய், இங்க வாங்கடா."

வந்தார்கள். ஆளுக்கொரு குழாய் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"விசிலுடி!" என்றாள் சமையல் பெட்டிக்காரி.

"விசிலா? விமானம் கெளம்புது" என்றார் சக்கரம் ஒட்டுகிறவர்.

"நான் அப்பவே சொல்லல, என் அச்சு தங்கம்னு?" என்றான் வார்க்கும் ஆள்.

நெஞ்சண்ணன் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ அடுத்த தெரு ஆளைப் பற்றிய செய்தியைக் கேட்பதுபோல.

"எனக்கும் ஒண்ணு குடுங்கப்பா. இத்தனை நாளா நெஞ்சா இருக்கேன், ஒரு தடவை கேட்டதில்ல."

அவள்தான் மாட்டிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார்.

"தண்ணிக்கு அடியில இருக்கற மாதிரியே இருக்கு" என்றார்.

"சார், இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. கம்பெனி செலவுல. பெயின்ட் ஷெட்டுல இருந்தப்ப பிடிச்சதுதான் இது."

"நீ டாக்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அது இருமலில் போய் முடிந்தது.

"இவரு இப்ப பெயின்ட் ஷெட்டுலயா இருக்காரு? நெஞ்சு வேலைக்கு நெஞ்சு சரியில்லன்னா, வேலைக்கு ஆகலன்னு அர்த்தம். வீட்டுக்குப் போங்கண்ணே. சரியானதும் வாங்க."

அவர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் நெடுநாளாகப் போட்டுப் பழக்கமில்லாததால் ஓட்டைக்குள் போக மறுத்தது. அதை அப்படியே விட்டார்.

"ஏன் டாக்டரம்மா, மருந்து ஒண்ணும் எழுதித் தரலையே?"

அவள் தரையில் கிடந்த குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வந்தபோது முக்காலியில் ஒரு மேசைக் கடிகாரம் இருந்தது. நல்ல உரத்த கடிகாரம். ரிஜெக்ட் மூட்டைகளையெல்லாம் அவிழ்த்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். எல்லாக் குழாயும் பாஸ். கடிகாரத்துக்கு அவளிடம் கேட்க ஒன்றும் இல்லாததால் கூடைகள் சீக்கிரம் காலியாயின.

மத்தியானம் சூப்பர்வைசர் தையல் பிரிவிலிருந்து ஒரு சின்னத் துணி உறையோடு வந்தார். நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணி, இரண்டு மடிப்பு, கீழே இழுத்துக் கட்ட நாடா.

"பெயின்ட் ஷெட்டுலேருந்து தூசி பறந்து வருது. உள்ள போச்சுன்னா கெட்டுப்போயிடும்" என்று சொல்லி, கடிகாரத்துக்கு அதை மாட்டி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். பக்கத்தில் எங்கேயாவது இடைவெளி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.