குரலுக்குச் சொந்தக்காரர்

என் கணவர் சுகுமாறனின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான் இப்போது மூச்சு விடுகிறார். பேச்சு கிடையாது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சில் சதை இறுகிப்போயிருந்ததால் அது வண்டு மாதிரி இரைந்ததே தவிர, ஒரு வார்த்தை தெளிவாக வரவில்லை. அவர் அதைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் ஆசையைக் கிளப்பிவிட்டாள்.

"அக்கா, அண்ணனோட பழைய ரெக்கார்டிங் ஏதாச்சும் இருக்கா? அரை மணி நேரம் கிளியரா இருந்தா போதும். அவரு போன்ல டைப் பண்ணா, அவரு குரல்லயே பேசும்."

எங்களிடம் எதுவும் இல்லை. எல்லா வீடியோவும் இருந்த போன், அவர் துறைமுகத்தில் வேலை செய்யும்போது தண்ணீரில் விழுந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைத் தவிர வேறு எதையும் அனுப்பியதில்லை. கல்யாண வீடியோவில் நாதஸ்வரம் பேசுகிறது, மாமியார் பேசுகிறார், மாப்பிள்ளை பேசவில்லை. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் என் கையைத் தட்டி, போனில் எழுதிக் காட்டினார். "ஒன் ஆபீஸ்ல இருக்குல்ல."

அன்று ஒரு கிண்ணம் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

என் ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. மலேசியத் தமிழர்கள் பேசுவதைப் பதிவு செய்து, அதைக் கேட்டு எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் இது பெயர், இது வினை, இது மலாய், இது ஆங்கிலம் என்று குறி போடுவது எங்கள் வேலை. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கான ஓர் அகராதி உருவாகும். மற்ற ஊர்த் தமிழைப் படித்த மெஷின்கள், நம் ஆட்கள் கஷ்டம் என்பதற்கு "சூசா லா" என்றால் திருதிருவென்று முழிக்கும். அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் இருபது வருடமாகச் சும்மா பேசினேன், இங்கே பேச்சைக் கேட்பதற்குக் காசு தருகிறார்கள் என்று சுகுமாறனிடம் சொல்லுவேன். அவர் சிரிப்பார்.

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் பேச்சு சேகரிக்கப் போனபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எவனோ ஒரு பையனுடைய குரலைத் திருடி, அவன் அம்மாவுக்குப் போன் போட்டு ஏமாற்றினான் என்ற செய்தி அப்போதுதான் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் திட்டத் தலைவி டாக்டர் நூருன்னிசா ஒரு வாக்குக் கொடுத்தார். பேச்சைத் தனித்தனி வாக்கியங்களாக வெட்டிவிடுவோம். பெயர்களை எடுத்துவிடுவோம். எல்லார் வாக்கியங்களையும் கலைத்துப் போட்டு, எது யாருடையது என்ற அடையாளமே இல்லாமல் வைப்போம். வேலை முடிந்ததும் ஒலியை மொத்தமாக அழித்துவிடுவோம். இந்த வாக்கை வீடு வீடாகச் சுமந்துபோனது நான்தான். முதலில் பேச வந்தவர் சுகுமாறன். கிரேன் ஓட்டும் அவர், துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்பவர்களையும் ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவுக்கு இழுத்து வந்தார். அவர்களில் ஒருவர் சபாபதி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் பேசிவிட்டுப் போகிறவர். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டோம்: எப்படி வேலைக்குப் போகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள்.

இப்போது அந்தக் குவியலுக்குள் என் கணவர் இருந்தார்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தனேஷ் தலையைச் சொறிந்தான்.

"யாராலயும் திரும்பச் சேர்க்க முடியாத மாதிரிதான் அக்கா செஞ்சேன். மெஷின விட்டு குரல் குரலா பிரிச்சும் பாத்துட்டேன். எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியம், பின்னால சத்தம் வேற. ஒரே ஆள அஞ்சு ஆளா காட்டுது."

நூருன்னிசாவிடம் போய்ச் சொன்னேன். திட்டம் மாதக் கடைசியில் முடிகிறது. அன்றைக்கு ஒலியை அழிப்பதைப் பார்க்க, நிதி கொடுத்தவர்களின் ஆள் ஷா ஆலமிலிருந்து வருவார்.

"ஒக்காந்து கேளுங்க புனிதா அக்கா. ஒங்க வீட்டுக்காரர் குரல நீங்க கண்டுபிடிச்சா, அத மட்டும் எடுத்துட்டுப் போங்க, அது அவரோட பொருள். அடுத்தவங்க குரல் ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது. அவரையே இங்க கூட்டிட்டு வந்து கேக்க வைக்கலாமா? நாங்க நாற்காலியோட தூக்கிட்டு வந்துடுறோம்."

"எதுக்கு டாக்டர் அவருக்குச் சிரமம்? எனக்குத் தெரியாதா?"

படி ஏறினாலே அவருக்குக் கழுத்து ஓட்டையில் சளி அடைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் நான் அதை நினைத்துச் சொல்லவில்லை. என் புருஷன் குரல் எனக்குத் தெரியாதா என்ற திமிரில்தான் சொன்னேன்.

வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து கேட்டேன். ஹெட்போன் காதைச் சுட்டது. எல்லாரும் மோட்டாரில் வேலைக்குப் போனார்கள், எல்லாரும் நாசி லெமாக் சாப்பிட்டார்கள், எல்லாருக்கும் மழை பெய்தது. இரண்டு வருடமாக இதே வாக்கியங்களைத்தான் கேட்டுக் குறி போட்டிருந்தேன். ஆனால் அப்போது யார் பேசுகிறார் என்று ஒருமுறையும் கவனித்ததில்லை. சொல்லைப் பார், ஆளைப் பார்க்காதே என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள்.

முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. யாரோ வாத்தியார் மாதிரி விறைப்பாக ஒப்பித்துக்கொண்டிருந்தார், தள்ளிவிட்டேன். ஒருவர் தொண்டையைச் செருமிச் செருமிப் பேசினார், அவரையும் தள்ளினேன். பிறகு ஒரு நாள் காதுக்குள் வந்தது.

"மழ பேஞ்சா கிரேன் நிக்கும் லா. நாங்க லோரிக்குக் கீழ ஒக்காந்து பசியாறுவோம்."

என் வீட்டு ஹாலில் கேட்ட குரல். நிலையத்தில் வண்டி வந்து நின்றுபோகும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியமாக அழுதேன். ஒன்று கிடைத்ததும் அடுத்தடுத்து வரிசையாக வந்தன. அரை மணி நேரத்துக்கும் மேலேயே சேர்த்துவிட்டேன். வீட்டுக்குப் போய், "கெடச்சிருச்சுங்க, கொண்டாந்துடுவேன்" என்று சொன்னேன். அவர் போனை எடுத்து, குரல் வந்ததும் முதலில் யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்க ஆரம்பித்தார்.

கடைசி நாளில் ஷா ஆலம்காரர் வந்தார். தனேஷ் அழித்தான். மாற்றுப் பிரதிகளையும் அழித்து, காலியான திரையைக் காட்டினான். வாக்கை அப்படியே காப்பாற்றினோம். எழுத்தும் குறிகளும் மட்டும் மிஞ்சின. நான் தேர்ந்தெடுத்தவை என் போனில் இருந்தன. கிள்ளான் ரயிலில் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சுகுமாறன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார். போனை மேசையில் வைத்து முதல் வாக்கியத்தை ஓடவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பார்த்தீர்களா என்றேன். இரண்டாவது ஓடியது. மூன்றாவது ஓடும்போது சிரிப்பு போய்விட்டது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுதினார்.

"இது சபாபதி."

"இல்லைங்க. அடுத்தத கேளுங்க, நல்லாத் தெரியும்."

கேட்டார். எப்போதும் போல நான் சொன்னபடி பொறுமையாகக் கேட்டார்.

"இதுவும் சபாபதி."

அதற்குப் பிறகு அவரே போனை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கேட்டார். அது முடியும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். மைக் முன்னால் குரல் மாறும், நம் குரல் நமக்கே அடையாளம் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். கடைசி வாக்கியம் வரை போய்விட்டு எழுதினார்.

"நான் எங்க?"

"அழிச்சிட்டாங்க."

வெகுநேரம் எழுதினார். அழித்தார். திரும்ப எழுதிப் போனை என் பக்கம் திருப்பினார்.

"என் குரல் ஒனக்கு ஞாபகம் இல்லயா?"

அங்கேயே உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். காலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் "புனிதா, பசியாறிட்டியா?" என்பார். அந்த வார்த்தைகள் ஞாபகம் இருந்தன. அவர் செருப்பைக் கழற்றும் விதம்கூட ஞாபகம் இருந்தது. வார்த்தைகளை மனதுக்குள் சொல்லவைத்துப் பார்த்தேன். சபாபதிதான் சொன்னார். ஹாலில் வந்து உட்கார்ந்து பேசியவர் அவர், அதற்கு மேல் பேசியவள் நான். நடுவில் இவர் என்ன குரலில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லைங்க."

சரி என்று தலையை ஆட்டினார். அவரைப் பார்க்க முடியாமல் கஞ்சியைச் சூடு பண்ண அடுப்படிக்கு எழுந்து போனேன். அங்கே நின்றுகொண்டே பேசினேன். நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன், ஒங்க தங்கச்சி போனில் ஏதாவது இருக்கும், செலாயாங் சித்தப்பா மகன் கல்யாணத்தில் யாராவது வீடியோ எடுத்திருப்பார்கள், விடமாட்டேன் நான். கஞ்சி கொதிக்கும்வரை இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அவர் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. நான் எழுந்து போனதிலிருந்தே அழுதிருக்கிறார். சத்தம் வராததால் எனக்குத் தெரியவில்லை.