கேபின் கண்ணாடியில் மூன்று பொட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் பொற்கொடி தியேட்டரில் புரொஜெக்டர் ஆப்பரேட்டராகச் சேர்ந்த முதல் நாளே பெலிக்ஸ் ஒரு குறையைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் தலையிலேயே அந்தக் குறை ஏறி உட்காரும் என்பதை ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறும்போது அவன் எதிர்பார்க்கவில்லை.

காலை ஆட்டத்துக்கு முன்பு ஆளில்லாத அரங்கில் சோதனைப் படத்தை ஓடவிட்டான். கட்டமும் வட்டமும் கோடுமாக இருக்கும் அந்தப் படத்தில் கதை கிடையாது. ஆனால் திரையில் எது கோணல், எது மங்கல் என்று சொல்லிவிடும். கோணல் எதுவும் இல்லை. இடது பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் மங்கல், பாலாடை படிந்த மாதிரி. லென்ஸைத் துடைத்தான், ஃபோகஸைத் திருகினான், மங்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம்தான் கேபின் சுவரில் பதித்திருந்த கண்ணாடியைக் கவனித்தான். புரொஜெக்டரின் வெளிச்சம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் திரைக்குப் போகிறது. அதன்மேல் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஆயுதபூஜைக்கு வைத்தவை. இரண்டு பொட்டுகள் ஓரமாக ஒதுங்கியிருந்தன. மூன்றாவது நேராக வெளிச்சத்தின் பாதையில் நின்றது.

துணியை எடுத்தபோது பின்னால் மேனேஜர் நவநீதகிருஷ்ணனின் குரல் கேட்டது.

"ஏலே, என்ன காரியம் பண்ணப் போற?"

"பொட்டு சார். படத்துல விழுது."

"அது முதலாளி வீட்டம்மா கையால வச்சது. வச்ச பொறவு ரெண்டு படம் மூணு வாரம் ஓடியிருக்கு. அதுக்கு முந்தி ஒண்ணும் மூணு நாளைத் தாண்டல."

"படம் தெரியணும்லா சார்?"

"தெரியுறது பெருசில்ல தம்பி. ஓடணும்." மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "அதுவும் நீ துடைச்சா பேச்சு வேற மாதிரி ஆயிரும். உம் பேரு பெலிக்ஸ்."

பெலிக்ஸுக்குத் தன் பெயர் தெரியும். ஆனால் அதை இவ்வளவு மெதுவாக யாரும் அவனிடம் சொன்னதில்லை. துணியை மடித்து வைத்தான்.

பொட்டைத் தொடாமல் படத்தைச் சரி செய்ய என்னென்ன உண்டோ அத்தனையும் செய்து பார்த்தான். ஒரு நாள் வெளிச்சத்தின் பாதையையே கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினான். மங்கல் குறைந்தது. படமும் திரையைவிட்டு விலகி, கதாநாயகியின் முழங்கை சுவரில் இருந்த 'வெளியே' பலகைமேல் விழுந்தது. காதல் காட்சியில் கதாநாயகன் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். முன்வரிசையில் நல்ல வரவேற்பு. மேனேஜர்தான் படியேறி ஓடிவந்தார்.

ஜனங்கள் மங்கலைப் பார்க்காமல் இல்லை. அவரவர் வசதிக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். வத்திராயிருப்பு வாத்தியார் ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்து, அதே இருக்கையில் உட்கார்ந்து, புதுசும் சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனார். மற்றவர்கள் புது ஆப்பரேட்டருக்குத் தொழில் தெரியவில்லை என்றார்கள். முதலாளி ராஜரத்தினத்துக்கு இரண்டு வருஷம் முன்பு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அது திரும்ப வளர்ந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். கண்ணில் ஒன்றுமில்லை என்று சொன்ன இரண்டு டாக்டர்களையும் மாற்றிவிட்டார்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் பெலிக்ஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு மங்கலாத் தெரியுதுன்னா எங் கண்ணு கோளாறு. ஊர்ல அம்புட்டுப் பேருக்குமா புரை விழுந்திருக்கு? பொங்கல் படத்துக்கு ஒரு குறை வந்துச்சு, நீ வேற எடம் பாத்துக்க."

"சார், அது வந்து…"

"சரி பண்ணிருவான் சார்" என்றார் பக்கத்தில் நின்ற நவநீதகிருஷ்ணன், அவன் காலை லேசாக மிதித்தபடி.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பெலிக்ஸ் யோசித்துக்கொண்டே வந்தான். சுலபமான வழி ஒன்று இருந்தது. காலையில் முதல் ஆளாகப் போய்த் துடைத்துவிட்டு, ஏ.சி. குளிருக்குத் தானாக உதிர்ந்துவிட்டது என்று சொல்லலாம். சந்தனம் சாட்சி சொல்ல வராது. ஆனால் அந்தப் பொய்யைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தினம் நாலு ஆட்டம் ஓட்டவேண்டும். பேசாமல் விட்டுவிடலாமா என்றும் பார்த்தான். அப்போது மங்கலுக்கு நேர் எதிரே இருக்கும் இடது பக்கத்து இருக்கைகள் ஞாபகம் வந்தன. அங்கே உட்காருகிறவனும் முழு டிக்கெட்தான் எடுக்கிறான். அவனுக்கு முக்கால் திரையைக் காட்டிவிட்டு, வேலை போகாமல் இருந்தால் போதும் என்று நினைக்க பெலிக்ஸால் முடியவில்லை. இது நேர்மையா, தொழில் கர்வமா என்று அவனுக்கே தெளிவாகவில்லை. இரண்டும் ஒரே பக்கம்தான் தள்ளின.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே ராஜபாளையத்தில் இருந்த முதலாளி வீட்டுக்குப் போனான். வாசலில் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. வெள்ளை வேட்டை நாய்க்குப் பேர்போன அந்த ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. முதலாளி மில்லுக்குப் போயிருந்தார். அது தெரிந்துதான் வந்திருந்தான். வீட்டம்மா சண்முகத்தாய் கதவைத் திறந்தார்.

தியேட்டர் ஆப்பரேட்டர் என்று சொல்லிக்கொண்டான். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பீடிகை எல்லாம் மறந்துபோக, விஷயத்தை அப்படியே சொன்னான்.

"நான் ஆயுதபூஜைக்கு வச்ச பொட்டா?" என்று கேட்டார் சண்முகத்தாய்.

"ஆமாம்மா."

"இன்னுமா அது கெடக்கு?"

இந்த ஒன்றைத் தவிர வேறு எந்தப் பதிலுக்கும் பெலிக்ஸ் தயாராக வந்திருந்தான்.

"இங்க நெலப்படியில வாராவாரம் பழச அழிச்சுட்டுல்லா புதுசு வைக்கேன்? மூணு மாசமாத் துடைக்காமக் காய விட்டிருக்கீய. இதுக்குப் பேரு பக்தியா?"

"தொடக்கூடாதுன்னு மேனேஜர் சார்…"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா அவன்?"

"கேக்கலம்மா."

"நீ எப்பச் சேந்த?"

"முப்பத்தெட்டு நாளாச்சு."

"முப்பத்தெட்டு நாளா ஒன் வாய் எங்க போச்சு? பேரென்ன?"

"பெலிக்ஸ்."

"அதுக்குத்தான் பயந்தியாக்கும்" என்றார் சண்முகத்தாய். "போ, நீயே துடைச்சிரு. நாஞ் சொன்னேன்னு சொல்லு."

"நீங்களே வந்து துடைச்சாத் தேவலாம்மா. நான் சொன்னா நம்பமாட்டாக."

மறுநாள் காலை கார் வந்தது. கையில் சந்தனக் கிண்ணத்தோடு சண்முகத்தாய் கேபின் படியேறினார். நவநீதகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். அம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போகவும் பெலிக்ஸ் குறுக்கே கையை நீட்டிவிட்டான்.

"சேலை வேண்டாம்மா. சரிகை கண்ணாடியக் கீறிரும்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். சண்முகத்தாய் முந்தானையைப் பார்த்தார், பெலிக்ஸ் நீட்டிய மெல்லிய துணியைப் பார்த்தார், துணியை வாங்கிக்கொண்டார். மூன்று பொட்டும் போயின. பிறகு அவன் காட்டிய இடத்தில், புரொஜெக்டரின் பக்கவாட்டுத் தகட்டில், புதிதாக மூன்று வைத்தார்.

"இங்க வச்சாப் போதுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் மேனேஜர்.

"ஏன், சாமி பால்கனியில உக்காந்தா பாக்குது?"

பொங்கலன்று புதுப்படத்தின் முதல் ஆட்டத்துக்கு ராஜரத்தினம் வந்தார். பால்கனியில் வழக்கமாக உட்காரும் இடது கோடியில் உட்கார்ந்தார். அவரிடம் சண்முகத்தாய் எதுவும் சொல்லவில்லை. மங்கல் போனால் தானே தெரியட்டும் என்று இருந்துவிட்டார். முதல் பாதி முழுவதும் பெலிக்ஸ் திரையைப் பார்க்கவே இல்லை, அவர் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மங்கலைத் தவிர்க்க முன்பெல்லாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயும் தலை, இன்றைக்குச் சாயவில்லை.

இடைவேளையில் அவர் கேபினுக்கு ஏறிவந்தார். சுவர்க் கண்ணாடி வழியாக வெறும் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"சத்தம் பத்தல. பொங்கல் கூட்டம்லா, கூட்டி வையி."

"போதும் சார். இதுக்கு மேல கூட்டினா பேசுறது புரியாது, இரைச்சல்தான் கேக்கும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது பெலிக்ஸுக்கு உறைத்தது. ராஜரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கீழே ஜனங்கள் முறுக்கும் டீயுமாக இருக்கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்றார். படியில் பாதி இறங்கியவர் நின்றார். "நாளைக்கும் இதே அளவுல வையி."

பெலிக்ஸ் அரங்கின் விளக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி, இரண்டாம் பாதியை ஓடவிட்டான்.